திதிமூஸுக்கு அரைப் பக்கம்

வெள்ளவத்தை,
09.01.2025, வியாழன்.

என் அன்புள்ள எமி,

நத்தார் முடிந்து புது வருடமும் வந்துவிட்டது. நீர் மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை. உமக்கென்று வெட்டி வைத்த கேக் துண்டு எண்ணெய்த்தாளுக்குள் கிடந்து காய்கிறது. விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே மேசையில் இருந்து திருச்சபை வரலாற்றுத் தாள் திருத்திய நாளிலிருந்து முப்பத்திரண்டு வருடம். என் வீட்டுக் கேக் தின்னாமல் நீர் ஜனவரியைக் கண்டது இதுதான் முதல் தடவை. சுகமாக இருப்பதாக எழுதியிருந்தீர். சுகமாக இருப்பவருக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து இங்கே வர என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

வேலைக்கு வருகிறேன். நமக்குத் தபால் சுமக்கும் என் பழைய மாணவி ருக்கியாவின் பையில் பதினான்கு அட்டைகள் வருகின்றன. எல்லாம் உங்களுடைய ஆட்கள்: லொயோலா இஞ்ஞாசியார், திரெந்துப் பொதுச்சங்கம், யோசேப் வாஸ் அடிகளார் என்று போகிறது. கத்தோலிக்கரை மெதடிஸ்தக்காரி எழுதவேண்டும், எங்கள் ஆட்களைக் கத்தோலிக்கக்காரி எழுதவேண்டும் என்று இந்தத் திருச்சபை வரலாற்று அகராதியைத் தொடங்கிய அன்றே நீர் சட்டம் வைத்தீர். "எங்கட ஆக்களை நாங்களே எழுதினால் எல்லாரும் புனிதராத்தான் வருவினம், சுகிர்தம்" என்றீர். நல்ல சட்டம்தான். ஆனால் இஞ்ஞாசியாரை எழுதி எழுதி, போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அவரைப் பத்து நிமிடம் புகழ்ந்துவிட்டேன். போதகர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இனி என் முறைப்பாடு. உம்முடைய போன கடிதம் ரைப் பண்ணி வந்தது. உமது கோழிக்கிறுக்கலை வாசிக்க நான் எட்டு வருடம் பட்ட பாடு வீணா? அதைவிடப் பெரிது, திரும்பி வந்த அட்டைகளில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. என்னுடைய 'சு'வும் உம்முடைய 'எ'வும் இரண்டும் இல்லாத அட்டை சப்பாத்துப் பெட்டிக்குள் போகக்கூடாது என்பதற்காக நாம் எத்தனை சண்டை பிடித்தோம்! இப்போது நான் எதை எழுதினாலும் 'எ' போட்டுத் தள்ளுகிறீர். அந்த 'எ'வும் என் கடைசி வரியின் தலையில் ஏறி இருக்கிறது.

போனில் கேட்கலாம் என்றால் அதற்கும் நம்மிடம் சட்டம். லூத்தரைப் பற்றி இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்து, பற்றரி செத்ததால் மட்டும் உயிர் தப்பிய நட்பல்லவா இது. போன் இனி நோய் வருத்தத்துக்கும் சாவுக்கும் மட்டும், மற்றதெல்லாம் கடிதம் என்று அன்று சொன்னதை நான் இன்னும் காப்பாற்றுகிறேன்.

உம்முடைய மேல்மாடியில் ரொஷேல் என்று ஒரு பெண் குடிவந்திருப்பதாகவும், அவள் எந்நேரமும் உமது மேசையில்தான் இருப்பதாகவும் ருக்கியா சொன்னாள். யார் அவள்?

கடைசி அட்டை அகுஸ்தீனார் என்பது ஞாபகம் இருக்கட்டும். அவரை நீரும் விடவில்லை, நானும் விடவில்லை. ஆகையால் என் மேசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எழுதுவதாக வைத்திருக்கிறோம். நிக்கேயா சங்கத்தின் ஆயிரத்து எழுநூறாவது ஆண்டு மே மாதம் வருகிறது. அதற்குள் புத்தகம் வரவேண்டுமென்றால் மார்ச் முடிவில் அச்சகத்துக்குப் போகவேண்டும். நாளைச் சொல்லும்.

கேக்கோடு காத்திருக்கும்,
சுகிர்தம்.

•

கொட்டாஞ்சேனை,
16.01.2025.

அன்பின் சுகிர்தம்,

கேக்கை ருக்கியாவிடம் கொடுத்து அனுப்பினால் குறைந்தா போய்விடுவீர்? நான் வராததற்குக் கேக் என்ன பாவம் செய்தது.

ரொஷேல் இறையியல் படித்த பிள்ளை. இருபத்தெட்டு வயது. வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்கிறாள். அச்சகத்தார் இப்போது கையெழுத்துப் பிரதியைத் தொடமாட்டோம் என்கிறார்கள். அதனால் அட்டைகளை எல்லாம் அவள்தான் கணினியில் ஏற்றுகிறாள். கடிதத்தையும் நான் சொல்லச் சொல்ல ரைப் பண்ணுகிறாள். கெட்டிக்காரி. சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய வருடத்தை நான் தேட முன்னமே சொல்லிவிட்டாள். உமக்கும் அவளைப் பிடிக்கும்.

எரோணிமூஸ் அட்டையில் ஒரு சங்கதி சேர்க்கலாமா? இளம் அகுஸ்தீனார் அவருக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினார் அல்லவா. கொண்டுபோன ஆள் பெத்லகேமுக்குப் போகவில்லை. கடிதம் ரோமாபுரியில் கைக்குக் கை மாறி ஊரெல்லாம் வாசித்து முடித்தது. உரியவருக்குக் கிடைத்தது பல வருடம் கழித்து, அதுவும் ஒரு பிரதி. கிழவருக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டுமா? நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இன்னொன்று. இது வேண்டுகோள். அலெக்சாந்திரியாவின் திதிமூஸுக்கு நான் எழுதிய அட்டை பையில் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். நாலு வயதில் பார்வை போனவர், மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்து, மறைக்கல்விப் பள்ளிக்கே தலைவரானவர். எரோணிமூஸும் ருபீனுஸும் இருவருமே அவரிடம் படித்தார்கள். வனத்து அந்தோனியார் அவரிடம் வந்து, எறும்புக்கும் ஈ இலையானுக்கும் உள்ள கண் போனதற்கு நீ ஏன் கவலைப்படுகிறாய் என்று கேட்டாராம். அவருக்கு அரைப் பக்கம் வேண்டும். தயவுசெய்து வெட்டாதேயும்.

அகுஸ்தீனாருக்கு நாள் பார்ப்போம். அவசரம் வேண்டாம்.

செபத்தில் உம்மை மறவாத,
எமி.

•

வெள்ளவத்தை,
30.01.2025.

அன்புள்ள எமி,

உமக்கும் அவளைப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர். எனக்கு யாரைப் பிடிக்கும் என்பதை நானே பார்த்துக்கொள்கிறேன். சீகன்பால்கு வந்தது 1706இல். அதை அறிய இறையியல் பட்டம் வேண்டாம், நான் 'சு' போட்ட உமது அட்டையைப் பார்த்தாலே போதும். 'மறைக்கல்விப் பள்ளி' என்ற சொல்லை இந்த எட்டு வருடத்தில் நீர் ஒருநாளும் எழுதியதில்லை. அந்தத் திதிமூஸ் அட்டை முழுக்க யாருடைய வாடை என்று எனக்குத் தெரியாதா? உம்முடைய எழுத்தில் ஒரு வரி முடிய முன்னம் மற்ற வரி முட்டும். இது இஸ்திரி போட்ட சேலை மாதிரி மடிப்புக் குலையாமல் கிடக்கிறது.

நேரே சொல்கிறேன். எனக்கு எரிச்சல். ஒரு பந்தி முழுக்க ரொஷேல். முன்பு நீர் என்னோடு சண்டை பிடிப்பீர். எங்கள் சபையைத் தொடங்கிய வெஸ்லிக்கு நீர் எழுதிய ஒரு பெயரடைக்காக நாம் இரண்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையே! இப்போது நீர் என்னோடு சண்டைக்கே வருவதில்லை. சண்டையும் அவளோடுதானா? அதையாவது எனக்கு மிச்சம் வைத்திருக்கலாம்.

இனி, போன செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு வருகிறேன். செட்டியார் தெருவில் சங்கிலிக் கொளுக்கியை ஒட்டக் கொடுத்துவிட்டு, செவ்வாய் என்றால் நீர் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருவீரே, உமக்கொரு ஆச்சரியம் கொடுப்போம் என்று வாசலில் போய் நின்றேன். மெழுகுதிரி விற்பவர்களுக்கு நடுவில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். ஒருத்தி மூன்று தரம் "எகக் தென்னத நோனா?", ஒன்று தரட்டா அம்மா, என்று சிங்களத்தில் கேட்டாள். வெட்கத்தில் ஒன்று வாங்கினேன். மெதடிஸ்தக்காரி கையில் அந்தோனியார் மெழுகுதிரி. நீர் வந்தீர். பக்கத்தில் சுருட்டை முடியோடு ஒருத்தி. அவளுடைய கையைக் கோத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி. முப்பத்திரண்டு வருடத்தில் என் கையைக் கோத்து நீர் பத்தடி நடந்ததில்லை. "எனக்கு ஆரும் பிடிச்சால் நடக்க வராது" என்று உதறுவீர். நேரே என்னைப் பார்த்தீர். நான் மெழுகுதிரியோடு கையைத் தூக்கினேன். என்னைத் தாண்டிக்கொண்டு போனீர்.

நான் அங்கேயே நின்றேன். பிறகு பஸ் எடுத்து வந்துவிட்டேன்.

திதிமூஸை நாலு வரிக்கு வெட்டியிருக்கிறேன். கண் தெரியாத ஒரு ஆசிரியருக்கு அரைப் பக்கம் கொடுத்தால் அத்தனாசியாருக்கு எத்தனை பக்கம் கொடுப்பது? எறும்பு, இலையான் ஒன்றும் வேண்டாம். 'சு' போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையைப் பற்றி எனக்குப் பதில் வேண்டும்.

சுகிர்தம்.

•

கொட்டாஞ்சேனை,
06.02.2025.

அன்பின் சுகிர்தம்,

உமது கடிதமும் அட்டைகளும் கிடைத்தன. இந்த முறை கடிதம் மிகவும் சுருக்கம். சண்டையும் இல்லை, பகிடியும் இல்லை. கை நோகிறதோ? கொளுக்கி ஒட்டியது நல்லது. அந்தச் சங்கிலி உமது அம்மாவுடையதல்லவா.

திதிமூஸை வெட்டியது எனக்குக் கொஞ்சம் கவலைதான். பரவாயில்லை, உமக்கு அப்படிப் பட்டால் அப்படியே இருக்கட்டும். 'எ' போட்டுவிட்டேன்.

இதை எப்படிச் சொல்வதென்று இரண்டு நாளாக யோசித்தேன். அகுஸ்தீனாருக்காக வெள்ளவத்தைக்கு வருவது எனக்குச் சரிவராது போல இருக்கிறது. வெயில், பஸ், நெரிசல். நீரும் இங்கே அலையவேண்டாம். ரொஷேல் ஒரு முதல் வரைவு தொடங்கியிருக்கிறாள். முடிந்ததும் அனுப்புகிறேன். நீர் பார்த்து 'சு' போட்டால் போதும். யார் எழுதினால் என்ன, அகுஸ்தீனார் அகுஸ்தீனார்தானே.

மனம் நோகாதேயும். நாம் அட்டை எழுதி முடிக்கப்போகிறோம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அன்புடன்,
எமி.

•

வெள்ளவத்தை,
13.02.2025.

மதிப்புக்குரிய எமரன்சியா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு தாள் எழுதி, பதில் வேண்டும் என்றும் கேட்டேன். செவ்வாய்க்கிழமையைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. கை நோகிறதா என்று கேட்டிருந்தீர்கள். நோகிறது, கை இல்லை.

அகுஸ்தீனாரை யார் எழுதினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு வருடமாக நான் இந்த அகராதியை எழுதியது அகராதிக்காக என்று நினைத்திருந்தேன். இல்லை என்று இப்போது விளங்குகிறது. கடைசியில் ஒரு சனிக்கிழமை நீங்கள் என் மேசையில் இருப்பீர்கள், ஒரு பேனையை இழுபறிப்படுவோம், அதற்காகத்தான் ஆரியூஸ் முதல் எல்லாரையும் எழுதிக் களைத்தேன். அந்த நாளை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவள் இளையவள், எல்லா வருடமும் மனப்பாடம், கோத்து நடக்கக் கையும் இருக்கிறது. அவளில் எனக்குப் பொறாமை. அறுபத்தெட்டு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. என்றாலும் எழுதுகிறேன்.

ருபீனுஸ் அட்டை இத்துடன் இருக்கிறது. விருப்பமென்றால் 'எ' போடுங்கள், இல்லாவிட்டால் கிழித்துப் போடுங்கள். இதற்குப் பிறகு நான் அட்டை எழுதப் போவதில்லை.

இந்தக் கடிதத்தை ஒட்டி, அந்தப் பெண் இல்லாத நேரம் பார்த்து உங்கள் கையில் மட்டும் கொடுக்கும்படி ருக்கியாவிடம் சொல்லியிருக்கிறேன். இதையாவது நீங்கள் தனியே வாசிக்கவேண்டும்.

இங்ஙனம்,
சுகிர்தம் தம்பையா.

அட்டை: ருபீனுஸ் (ஏறத்தாழ கி.பி. 345–411). இத்தாலியின் அக்குவிலேயாவில் துறவியாக இருந்தவர். ஒரிஜனின் நூல்களை இலத்தீனில் தந்தவர். எரோணிமூஸின் இளமைத் தோழர். பெயரும் புகழும் வந்தபின் எரோணிமூஸ் இவரை வேண்டாதவராக்கினார். கண்ட இடத்தில் முகத்தைத் திருப்புவது சில பெரியவர்களின் வழக்கம். இருவரும் கடைசிவரை ஒற்றுமையாகவில்லை. ருபீனுஸ் சிசிலியில் இறந்தபிறகும் எரோணிமூஸ் அவரைத் தேள் என்று எழுதினார். — சு.

•

கொட்டாஞ்சேனை,
20.02.2025.

என் சுகிர்தம்,

இந்தக் கடிதம் ருக்கியாவின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். உம்மிடம் தமிழ் படித்தவள், பிழை இருந்தால் அதற்கு நீர்தான் பொறுப்பு.

எனக்குக் கண் தெரியவில்லை. சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிவிட்டது. செப்டெம்பரிலிருந்து, பார்க்கும் எதற்கும் நடுவில் ஒரு புகைப்பொட்டு. ஓரம் தெரியும், நடு தெரியாது. எதை நேரே பார்க்கிறேனோ அது இல்லாமல் போய்விடும். ஊசி மூன்று தரம் போட்டாயிற்று. இனிக் கூடாமல் பார்க்கலாம், குறையாது என்று டாக்குத்தர் சொல்கிறார். ஆகவே நீர் எனக்கு நேரே நின்றிருக்கிறீர், சுகிர்தம். கொஞ்சம் ஓரமாக நின்றிருந்தால் கண்டிருப்பேன்.

நீர் சொன்னபடி ருக்கியா கடிதத்தை என் கையில் வைத்தாள். நான் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு அவளையே வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு, "மிஸ், எனக்கு வெக்கமா ஈக்கிது, இதெல்லாம் நான் வாசிக்கவா?" என்று கேட்டாள். எல்லாம் வாசி என்றேன். செவ்வாய்க்கிழமை என்ற சொல்லை நான் அப்போதுதான் முதன்முதல் கேட்டேன். உடனே உமது பழைய கடிதக் கட்டை எடுத்து, நத்தாரிலிருந்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னேன்.

உமது கடிதங்களை இவ்வளவு நாளும் எனக்கு வாசித்தவள் ரொஷேல். தன்மேல் உள்ள எரிச்சலையும் கோபத்தையும் நீர் எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு வாசித்திருக்கிறாள். நாலு தாளைத் தொட்டுப் பார்க்கிறேன், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நானும் கேட்காமல் விட்டேனே! கூப்பிட்டுக் கேட்டேன். அழுதாள். "மிஸ் சிரிச்சுக்கொண்டு கேக்கிறது அந்தக் கடிதங்களை மட்டுந்தான். அதுதான் மற்றதை விட்டுட்டு வாசிச்சனான்" என்றாள். உம்முடைய ஒவ்வொரு ஏச்சையும் தன் கண்ணால் வாசித்துவிட்டு, அதே கையால் எனக்குப் பதிலும் ரைப் பண்ணியிருக்கிறாள்.

நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை. உமக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர். சொன்னால் அதற்குப் பிறகு என் அட்டை எதையும் நீர் வெட்டமாட்டீர் என்று பயந்தேன். பாவம், கண் தெரியாதவள் என்று எல்லாவற்றுக்கும் 'சு' போட்டு அனுப்புவீர். அந்தச் 'சு' எனக்கு வேண்டாம். நீர் திதிமூஸை நாலு வரியாக்கினீரே, எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. மறைக்கல்விப் பள்ளியும் எறும்பும் இலையானும் என்னுடையவை. கண் போனபிறகு நான் ஆறுதலாக யோசித்துச் சொல்கிறேன், அதனால்தான் வரிகள் முட்டுவதில்லை.

அகுஸ்தீனாரை ரொஷேல் தொடவில்லை. அது பொய். உமது மேசையில் வந்து இருந்தால் பேனை பிடிக்க முடியாததை நீர் கண்டுபிடித்துவிடுவீர். வராமல் இருக்க வேறு சாட்டு வரவில்லை. அந்த அட்டை வெறுமையாகப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

இனி ருபீனுஸ். 'கண்ட இடத்தில் முகத்தைத் திருப்புவது சில பெரியவர்களின் வழக்கம்.' ஆதாரம் எங்கே? எந்த நூல், எந்தப் பக்கம்? ருக்கியாவிடம் சிவப்புப் பேனை கொடுத்து அதை வெட்டச் சொல்லியிருக்கிறேன். அதோடு நீர் ஒன்றை விட்டுவிட்டீர். இவர்கள் இருவரும் பிரிந்ததைக் கேட்ட அகுஸ்தீனார், உங்கள் இரண்டு பேரையும் ஓரிடத்தில் சேர்த்துக் காணக்கிடைத்தால் காலில் விழுந்து அழுவேன் என்று எரோணிமூஸுக்கு எழுதினார். அதைச் சேர்த்தால்தான் 'எ'.

உம்மோடு சண்டை பிடிக்கும்,
எமி.

•

வெள்ளவத்தை,
27.02.2025.

என் எமி,

ருக்கியாவின் தமிழில் இரண்டு சந்திப் பிழை. பொறுப்பை ஏற்கிறேன்.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் போய்த் தண்டவாள ஓரத்தில் நின்றேன். இரண்டு ரெயில் போனது. பிறகு வந்து, நான் எழுதியவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கண் தெரியாத ஒரு ஆசிரியருக்கு அரைப் பக்கம் எதற்கு என்று உமக்கே எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. மன்னியும்.

உம்மிலும் எனக்குக் கோபம் இருக்கிறது. வருத்தம் வந்தால் போன் எடுக்கவேண்டும் என்று சட்டம். நான் எரிந்து எரிந்து எழுதியபோதும் போனைத் தொடவில்லை. சட்டத்தை மீறியவர் நீர். உமது கண் போனதை மேல்மாடிக்காரி அறிந்து ஐந்து மாதம் கழித்து நான் அறிகிறேன். இரக்கப்பட்டுச் 'சு' போடுவேன் என்று நினைத்தீரா? என்னை இவ்வளவுதானா அறிந்தீர்? திரும்ப எழுதிய திதிமூஸ் இத்துடன் வருகிறது. அரைப் பக்கம். எறும்பு இருக்கிறது, இலையானும் இருக்கிறது. ஆனால் எரோணிமூஸ் அவரிடம் படித்தது ஏறக்குறைய ஒரு மாதம், ருபீனுஸ் படித்தது பல வருடம். இருவரையும் சமமாக எழுதியது உமது பிழை, அதைத் திருத்தியிருக்கிறேன். இது இரக்கமா?

ருபீனுஸில் நீர் வெட்டியதை வெட்டியாயிற்று, அழுகையைச் சேர்த்தாயிற்று.

இனி ரொஷேலுக்கு. பிள்ளை, இதை வாசிப்பவர் நீர் என்று தெரிந்துகொண்டு எழுதுவது, ஆலயத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று பாவசங்கீர்த்தனம் செய்வது போல இருக்கிறது. எங்கள் சபையில் அந்தப் பழக்கமும் இல்லை. உமது படிப்பையும் உமது கையையும் பற்றி நான் எழுதியதை எல்லாம் வாசித்தீர், எனக்குத் திருப்பி ஒரு சொல் எழுதவில்லை. நான் உமது இடத்தில் இருந்திருந்தால் எழுதியிருப்பேன். இனிமேல் ஒரு வரியும் விடாமல் வாசியும், ஏச்சு உட்பட. அவ தாங்குவா.

எமி, சனிக்கிழமை, மார்ச் எட்டாம் திகதி, நான் அங்கே வருகிறேன். உமது மேசை. நீர் சொல்லும், நான் எழுதுகிறேன். பேனை என் கையில் இருக்கும், இழுபறிப்பட வேண்டுமென்றால் வாயால் இழுபறிப்படலாம்.

அடுத்த பந்தி ரொஷேலுக்கு மட்டும். இதை அவவுக்கு வாசிக்கவேண்டாம்.

ரொஷேல், பொறாமை இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். அவ இருட்டில் முதன்முதல் கையை நீட்டியபோது பிடித்தவள் நீர். அந்த இடம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். எடுத்துக்கொண்டீர் என்று நான் சொல்லவில்லை, நான் அங்கே இருக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஒன்றைச் சொல்லித்தாரும். எனக்கு ஒருநாளும் அவ கை தந்ததில்லை, அதனால் தெரியாது. ரோட்டைக் கடக்கும்போது எந்தக் கையைப் பிடிப்பீர், இடக்கையா வலக்கையா? சனிக்கிழமை அவவை அந்தோனியாரிடம் நான் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அந்த மெழுகுதிரி இன்னும் என்னிடம் இருக்கிறது.

சுகிர்தம்.

•

கொட்டாஞ்சேனை,
06.03.2025.

சுகிர்தம்,

ஒரு வரியும் விடக்கூடாது என்று ஒரு பந்தியில் எழுதுகிறீர், அடுத்த பந்தியை வாசிக்கவேண்டாம் என்கிறீர். பிள்ளை குழம்பிப்போய், முதலில் வந்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள்.

ருக்கியாவுக்கு நோன்பு, வெயிலில் காக்கவைக்க முடியாது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். திதிமூஸுக்கு 'எ' போட்டாயிற்று. தவக்காலம்தான், என்றாலும் கேக்கைக் கொண்டு வாரும்.

இடக்கை.

எமி.